ஆட்டைத் தொங்கவிட்டு உரிக்கையில் வரும் கோளாறுகள்: என்ன தெரிகிறது, எதனால், என்ன செய்வது

கிடாவெட்டுக்கும் காதுகுத்துக்கும் தீபாவளிக் கூறுக்கறிக்கும் வீட்டு வாசலிலேயே ஆடு அடிக்கிற ஊர்களில், உரிப்பதற்கென்று கை தேர்ந்த ஒருவர் இருப்பார். அவர் வராத நாளில்தான் தோல் கிழியும், கறி முழுக்க மயிர் ஒட்டும், பித்தப்பை உடையும். ஒவ்வொரு கோளாறும் கண்ணில் படுகிற விதத்தையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறோம். எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: தொங்குகிற ஆட்டில் தெரியும் கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தின படியில் செய்த தவறு. அதனால் கையோடு சரிசெய்வது எப்படி என்பதோடு, தவறு எங்கே தொடங்கியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அளவுகள் எல்லாம் 20 கிலோ உயிர் எடை உள்ள வெள்ளாட்டுக் கிடாவுக்கு. அதில் எலும்போடு 9 முதல் 10 கிலோ வரை கறி நிற்கும். வெளிநாடுகளில் வேட்டையாடிய மானையும் ஏறக்குறைய இதே முறையில்தான் தொங்கவிட்டு உரிக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே இங்கே பேச்சு வளர்ப்பு ஆட்டைப் பற்றி மட்டும்.

கோளாறு இல்லாமல் நடந்தால் எப்படி நடக்கும்

முதல் நாள் இரவோடு தீனியை நிறுத்திவிட வேண்டும். 12 மணி நேரம் வயிறு காய்ந்தால் இரைப்பையின் நிறைவு குறையும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் குடித்த ஆட்டில் ரத்தம் நன்றாக வடியும், தோலும் இளகி வரும். அறுத்தபின் 5 நிமிடம் ரத்தம் வடிய விட வேண்டும். 20 கிலோ ஆட்டில் முக்கால் லிட்டர் அளவுக்கு வரும். பழகிய கைக்கு உரிக்க 15 நிமிடம் போதும், புதுக் கைக்கு 40 நிமிடம் ஆகலாம். எப்படியும் அறுத்ததிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் குடல் வெளியே வந்துவிட வேண்டும்.

கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியவை: நுனி வளைந்த 5 அங்குலக் கத்தி ஒன்று, மூட்டுக்கு ஒரு சின்னக் கத்தி, சாணைக்கல், ஒரு அடி நீளச் சணல் துண்டுகள் நான்கு, கை கழுவ ஒரு வாளித் தண்ணீர், கத்தி முக்கக் கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீர் ஒரு குண்டானில், குடல் வாங்க அகலமான அன்னக்கூடை. சணலை ஆடு தொங்கிய பிறகு தேடக் கூடாது. கையில் ரத்தத்தோடு சணல் தேடி ஓடுகிறவர்தான் மூத்திரப்பையை உடைப்பார்.

தூக்கியதும் கால் நரம்பு அறுந்து ஆடு விழுகிறது

பின்னங்கால் மூட்டுக்கு மேலே, எலும்புக்கும் பின்பக்க நரம்புக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. கத்தி நுனியால் அதைத் துளைத்து அந்த வழியாகத்தான் கொக்கியோ கம்போ போக வேண்டும். துளைக்கும்போது கத்தியின் கூர் நரம்பின் பக்கம் திரும்பினால் அதில் அரைக்கால்வாசி வெட்டு விழும். அப்போது தெரியாது, எடை ஏறியதும் பட்டென்று அறும். கூரை எலும்புப் பக்கம் திருப்பிப் பிடித்துத் துளைக்க வேண்டும், துளை ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

குளம்புக் காலை எங்கே கழற்றுகிறீர்கள் என்பதும் முக்கியம். மூட்டுக்குக் கீழே கழற்ற வேண்டும். மூட்டின் குமிழ் நின்றால்தான் கயிறு நழுவாது. மூட்டோடு எடுத்துவிட்டால் நரம்பு பிடிமானம் இழந்து மேலே சுருண்டுவிடும்.

ஏற்கெனவே அறுந்துவிட்டால் அந்தக் காலை விட்டுவிட்டு மறுகாலில் மட்டும் தொங்கவிடாதீர்கள். உடல் சுற்றிக்கொண்டே இருக்கும், தோல் ஒரு பக்கம் இறுகும். அறுந்த காலில் மூட்டுக்கு மேலே எலும்பைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி சுருக்குப் போட்டு அதே கம்பில் கட்டுங்கள். இரண்டு காலுக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும். ஆட்டின் கழுத்து தரையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் உரிந்து தொங்கும் தோல் மண்ணைத் தொட்டுக் கறியில் அடிக்கும்.

தோல் வர மறுக்கிறது

முதலில் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியில் சூடு இருக்கிறதா? அறுத்து ஒரு மணி நேரம் கடந்து உடல் ஆறிவிட்டால், தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள சவ்வு இறுகிவிடும். சூட்டோடு கையால் தள்ளினால் வருகிற தோல், ஆறியபின் கத்தியால்தான் வரும். ஆட்கள் வந்து சேரட்டும் என்று அறுத்த ஆட்டைப் போட்டு வைப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆறிய ஆட்டுக்கு வேறு வழி இல்லை: கத்தியைச் சாணை பிடித்து, தோலை ஒரு கையால் இறுக்கமாக இழுத்துப் பிடித்து, வெள்ளைச் சவ்வு தெரிகிற கோட்டில் மட்டும் குறுகிய வீச்சுகளாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும்.

சூடு இருந்தும் வரவில்லை என்றால் அடுக்கு தவறியிருக்கிறது. தோலுக்கு அடியில் சிலந்திவலை மாதிரி ஒரு சவ்வு, அதற்கு அடியில் கறியைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான இன்னொரு சவ்வு. இந்த இரண்டுக்கும் நடுவேதான் கை போக வேண்டும். கீழ்ச் சவ்வையும் கிழித்துச் சதைக்குள் போய்விட்டால் கை முட்டும், இழுக்க இழுக்கக் கறி பிய்யும். அந்த இடத்தை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாகத் தொடங்கி, சரியான அடுக்கைப் பிடித்து, விட்ட இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கை வைக்கும் விதம் இது. கட்டைவிரலை மடக்கி முட்டியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறுகை முட்டி தோலுக்கும் கறிக்கும் நடுவே நுழைந்து அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்தம் தோலின் மேல் இருக்க வேண்டும், கறியின் மேல் அல்ல. விலாவிலும் முதுகிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் முட்டியே போதும். கத்தி தேவைப்படுவது மூட்டைச் சுற்றி, வால் அடியில், நெஞ்செலும்பின் மேல், கழுத்தில், முகத்தில். மற்ற இடங்களில் கத்தி எடுப்பது அவசரம்தான். செம்மறிக்குத் தோலடியில் கொழுப்பு அதிகம் என்பதால் முட்டிக்கு எளிதாக வழிவிடும். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு மெல்லிசு, அதனால் முதுகுத்தண்டு ஓரமாகத் தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே பொறுமை வேண்டும்.

பின்னங்காலில் துளை போட்டு வாயால் ஊதி, ஆட்டை உப்பவைத்து உரிப்பது பல ஊர்களில் நடக்கிறது. காற்று சரியான அடுக்கைத் தானே தேடிப் போய்த் தோலைப் பிரித்துவிடும் என்பதால் வேலை உண்மையிலேயே சுளுவாகிறது. ஆனால் ஊதுகிறவரின் எச்சிலும் இருமலும் கறியின் மேல் முழுக்கப் பரவுகின்றன. காற்று வேண்டும் என்றால், கொதிநீரில் கழுவிய முனை பொருத்திய சைக்கிள் பம்பு போதும். வாயால் ஊதவே கூடாது.

தோலோடு சதையும் பெயர்ந்து வருகிறது, அல்லது தோலில் ஓட்டை விழுகிறது

இரண்டும் எதிரெதிர்த் தவறுகள். சதை பெயர்ந்தால் இழுக்கும் கோணம் தப்பு. தோலை உடலிலிருந்து வெளிப்பக்கமாக, தன்னை நோக்கி இழுக்கிறவர்களுக்கு இது நடக்கும். உரிந்த தோலை உடலை ஒட்டியே நேராகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். சதை எழும்பத் தொடங்கியதும் இழுப்பதை நிறுத்திவிட்டு, அந்த ஓரத்தைக் கத்தி நுனியால் கறிப் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு தொடருங்கள். அடிவயிற்றின் இரு பக்கங்களிலும் தோலோடு ஒட்டிய ஒரு மெல்லிய தசை இருக்கிறது. வெயிலில் ஈயை விரட்ட ஆடு தோலைச் சிலிர்ப்பது இந்தத் தசையால்தான். அது தோலோடு போனால் போகட்டும் என்று விடலாம், கறி நஷ்டம் பெரிதில்லை. அதைக் காப்பாற்றப் போய் வயிற்றைக் கிழித்தவர்கள் உண்டு.

ஓட்டை விழுந்தால் கத்தியின் கூர் தோலைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கூர் எப்போதும் லேசாகக் கறியின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே ஓட்டையாகத் தெரியாவிட்டாலும் உட்பக்கத்தில் விழுந்த கீறலும் சேதம்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் தோல் பதனிடும் இடத்தில் உட்பக்கத்தைச் சீவும்போது அந்தக் கீறல் ஓட்டையாகத் திறந்துகொள்ளும், தோல் கழிசலில் போய்விடும்.

கறியெங்கும் மயிர்

கேள்விப்படுகிற குறைகளில் இதுதான் அதிகம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று நினைப்பதால்தான் இது தீர்வதில்லை. ஈரக் கறியில் மயிர் இன்னும் இறுக ஒட்டும். மயிரோடு வந்த புழுக்கையும் மண்ணும் கரைந்து ஒரு இடத்து அழுக்கு ஆடு முழுக்கப் பரவும்.

கையோடு செய்ய வேண்டியது: தண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டு, மேல் ஈரம் காயப் பத்து நிமிடம் விடுங்கள். சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஒற்றி இழுங்கள். துணியை ஒவ்வொரு முறையும் மடித்துப் புது முகத்தைக் காட்ட வேண்டும். கற்றையாக ஒட்டிய இடத்தையும் புழுக்கை பட்ட இடத்தையும் கத்தியால் மெல்லிசாகச் சீவி எறிந்துவிடுங்கள். 100 கிராம் கறி போனாலும் பரவாயில்லை.

இனி, ஏன் வந்தது என்று பார்ப்போம். தோலைக் கீறும்போது மயிர் இருக்கும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்டினால் கத்தி ஒவ்வொரு மயிரையும் இரண்டாக நறுக்குகிறது. நறுங்கிய மயிர் பொடிப்பொடியாகக் கறியில் உதிர்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். மூட்டருகே ஒரு சிறு துளை மட்டும் போட்டு, கத்தி நுனியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, கூரை வானம் பார்க்கத் திருப்பி, உள்ளிருந்து வெளியே கிழித்துக்கொண்டு போக வேண்டும். மயிர் இரண்டு பக்கமும் விலகுமே தவிர நறுங்காது. இந்த ஒரு பழக்கம் மாறினாலே முக்கால்வாசி மயிர் குறைந்துவிடும்.

கீறும் கோடுகள்: ஒரு பின்னங்கால் மூட்டிலிருந்து தொடையின் உட்பக்கமாக ஆசனவாய்க்குக் கொஞ்சம் முன்னால் வந்து, அப்படியே மறுகால் மூட்டு வரை. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து வயிற்றின் நடுவாகக் கழுத்து வரை ஒன்று. முன்னங்கால் முட்டிகளிலிருந்து நெஞ்சுக்கு இரண்டு. இவ்வளவுதான்.

அடுத்தது கை. தோலின் மயிர்ப் பக்கத்தைப் பிடிக்கிற கை கறியைத் தொடக் கூடாது, கறியைத் தொடுகிற கை மயிரைத் தொடக் கூடாது. இடது கை அழுக்குக் கை, வலது கை சுத்தக் கை என்று தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்ற வேண்டி வந்தால் வாளியில் கழுவிவிட்டு மாற்றுங்கள். உரிந்த தோலின் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு கறியை உரசும். அதை வெளிப்பக்கமாக மடித்துவிட்டுக்கொண்டே வர வேண்டும்.

இன்னும் ஒன்று: ஆடு ஈரமாக இருந்ததா? கோயில்களில் தண்ணீர் தெளித்து ஆடு துலுக்குவதைப் பார்ப்பது வழக்கம். தெளிப்பதில் கெடுதல் இல்லை. குடம் குடமாக ஊற்றி நனைந்த ஆட்டை உடனே உரித்தால் அழுக்குத் தண்ணீர் மயிர் வழியே கறியில் இறங்கும். நனைந்த ஆட்டை அழுத்தித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கழுத்திலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகுகிறது

தலைகீழாகத் தொங்கும் ஆட்டில் இரைப்பையில் இருக்கும் அரைத்த தழை இரைக்குழாய் வழியாகக் கீழே வருகிறது. கழுத்துக்கறி முழுக்க நாறிவிடும். உடனே இரைக்குழாயைத் தேடிப் பிடியுங்கள். மூச்சுக்குழல் வளையம் வளையமாகக் கெட்டியாக இருக்கும், அதன் பின்னால் ஒட்டிய மெத்தென்ற குழாய்தான் இரைக்குழாய். விரலால் மூச்சுக்குழலிலிருந்து பிரித்து, ஒரு முடிச்சுப் போட்டோ சணலால் இறுக்கியோ கட்டிவிடுங்கள். பச்சை பட்ட சதையைக் கழுவாமல் சீவி எடுங்கள். முறைப்படி இந்த முடிச்சு ஆட்டைத் தூக்குவதற்கு முன்பே விழுந்திருக்க வேண்டும். இரவு தீனி நிறுத்தாத ஆட்டில் இது நிச்சயம் நடக்கும்.

வயிற்றைத் திறக்கும்போது இரைப்பை கிழிந்தால் அதுவும் இதே கதைதான், அளவு பெரிது. கிழிசலை விரலால் சேர்த்துப் பிடித்துக் கட்டிவிட்டு, இரைப்பையை வெளியே எடுத்தபின் பட்ட இடங்களைச் சீவ வேண்டும். திறக்கும்போது இரண்டு விரலை வயிற்றுக்குள் நுழைத்து, கத்தியின் கூரை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, விரல்களே குடலை உள்ளே தள்ளிப் பிடித்திருக்க, மேலிருந்து நெஞ்செலும்பு வரை இறங்க வேண்டும். கத்தி நுனி குடலைப் பார்க்கவே கூடாது.

மலக்குடலுக்கும் முடிச்சு உண்டு. ஆசனவாயைச் சுற்றி வட்டமாகக் கத்தி விட்டுத் தளர்த்தி, இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, சணலால் கட்டி, பிறகு உள்ளே தள்ளிவிட வேண்டும். குடலை எடுக்கும்போது அது தானாகவே கூட வந்துவிடும். மூத்திரப்பைக்கும் அதே மாதிரி: கழுத்துப் பகுதியை இரண்டு விரலால் நெரித்துக் கட்டி, முடிச்சுக்கு அப்பால் அறுக்க வேண்டும். உடைந்துவிட்டால் அதற்குத் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம், ஓடும் தண்ணீராக.

பித்து உடைந்துவிட்டது

மஞ்சள் கலந்த பச்சைக் கறை, தொட்டு நாக்கில் வைத்தால் கசப்பு. உடனே, ஒரு நிமிடத்துக்குள், குளிர்ந்த தண்ணீரில் அந்த இடத்தை அலசுங்கள். தாமதித்தால் ஈரலுக்குள் ஊறிவிடும், பிறகு அந்தப் பகுதியை வெட்டி எறிவது தவிர வழியில்லை. பித்தப்பையைக் கத்தியால் எடுக்கப் போவதுதான் தவறு. ஈரலைக் கையில் எடுத்து, பித்தப்பையின் காம்பை விரலால் நெரித்துப் பிடித்து, ஈரலிலிருந்து மெதுவாக உரித்து இழுத்தால் முழுதாக வரும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதைச் சுற்றி ஈரலையே ஒரு விரற்கடை சேர்த்து வெட்டி எறியுங்கள்.

கறி கறுத்து, கையில் பிசுபிசுக்கிறது

ஓடிக் களைத்த ஆடு, இரண்டு சக்கர வண்டியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியதும் அறுத்த ஆடு, இரவு முழுக்கத் தனியே கட்டிப்போட்டுக் கத்திக்கொண்டிருந்த ஆடு இப்படி ஆகும். தசையில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோயிருக்கும். அறுத்தபின் அந்தச் சத்துதான் அமிலமாகிக் கறியைக் காக்க வேண்டும். அமிலம் உருவாகாத கறி கருஞ்சிவப்பாக, ஒட்டுகிற மாதிரி இருக்கும். சாப்பிடலாம், ஆனால் சீக்கிரம் கெடும். அன்றைக்கே சமைத்துவிடுங்கள், உப்புக்கண்டத்துக்கும் மறுநாளுக்கும் ஒதுக்காதீர்கள். வாங்கி வந்த ஆட்டை ஒரு நாள் முழுக்க நிழலில், தண்ணீரோடு, முடிந்தால் இன்னொரு ஆட்டோடு கட்டி வைப்பதுதான் தடுக்கும் வழி. ஆட்டறுப்புக் கூடங்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகளும் அறுப்பதற்கு முன் 24 மணி நேர ஓய்வு கேட்கின்றன. சினை ஆட்டையும் மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும் அறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

கறுப்பாக இல்லாமல், வெட்டும் இடமெல்லாம் ரத்தம் கசிந்தால் அது வேறு: ரத்தம் முழுதாக வடியவில்லை. கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களில் ஒன்று மட்டும் அறுபட்டிருக்கும், அல்லது அவசரப்பட்டுத் தூக்கியிருப்பார்கள். நெஞ்சுக்கூட்டைத் திறந்ததும் உறைந்து கிடக்கும் ரத்தத்தை வழித்து எடுத்துவிட்டு, முன்னங்கால்களை நாலைந்து முறை மேலும் கீழும் அசைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் வடியும்.

மொச்சை வாடை தாங்கவில்லை

காயடிக்காத முதிர்ந்த கிடாவின் குணம் அது. முழுதாகப் போக்க முடியாது, பரவாமல் தடுக்கலாம். வாடையின் ஊற்று கொம்புக்குப் பின்னால் தோலில் இருக்கும் சுரப்பிகள். அதோடு கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். ஆகவே தலையை முதலில் கழற்றி அப்பால் வைத்துவிடுங்கள். தாடியையும் முன்னங்காலையும் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கறிப் பக்கம் வராதீர்கள். கத்தியைக் கொதிநீரில் முக்குங்கள். விதையையும் அதைச் சுற்றிய தோலையும் வெட்டித் துண்டாக்காமல் முழுதாக எடுங்கள். கறியை வெட்டும்போது மேல்கொழுப்பைக் கழித்துவிட்டால் வாடையில் பெரும்பங்கு போய்விடும், ஏனென்றால் அது தங்கியிருப்பது கொழுப்பில்தான். வளர்க்கிற கிடா என்றால் இரண்டு மூன்று மாதக் குட்டியிலேயே காயடித்திருக்க வேண்டும்.

உள்ளே பார்க்கக் கூடாத ஒன்று தெரிகிறது

குடல் சவ்விலோ வலைக்கொழுப்பிலோ தண்ணீர் நிறைந்த பை ஒன்று காம்போடு தொங்கினால், அது நாய்களிடமிருந்து ஆட்டுக்கு வந்த நாடாப்புழுவின் குட்டிப் பருவம். வெட்டி எடுத்துவிட்டால் கறிக்குப் பழுதில்லை. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் உள்ளே புதைந்து, கெட்டியான சுவரோடு இருக்கும் நீர்க்கட்டி இன்னொரு வகை. அது நாய் வழியாக மனிதருக்கும் வரக் கூடியது. அந்த உறுப்பை முழுதாகக் கழித்துவிட வேண்டும். இரண்டு வகையையுமே நாய்க்குப் போடாதீர்கள். எரியுங்கள் அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். உரிக்கும் இடத்தில் காத்து நிற்கும் நாய்க்கு ஈரல் துண்டை வீசுவதால்தான் இந்தச் சுற்று ஊரில் அறுபடாமல் ஓடுகிறது.

ஈரலின் குழாய்கள் தடித்து, வெட்டினால் இலை மாதிரித் தட்டையான புழு நெளிந்தால் ஈரலை எறிந்துவிடுங்கள், கறியை எடுத்துக்கொள்ளலாம். தோள்பட்டைக்கு முன்னாலோ தாடைக்கு அடியிலோ பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளைச் சீழ் நிறைந்த உருண்டை இருந்தால் அதை உடைக்காமல் சுற்றுச் சதையோடு எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு அல்லாமல் உடம்பெங்கும், நுரையீரலிலும் இருந்தால் அந்த ஆடு வேண்டாம். வெள்ளாட்டுக் கொழுப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கொழுப்பும் நரம்பும் கண்வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் காமாலை; முழு ஆட்டையும் கழித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அடைப்பான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசியும் ஆட்டின் மேல் கத்தியே வைக்கக் கூடாது. அதன் கிருமி காற்றுப் பட்டதும் விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், உரிப்பவரின் கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். உயிரோடு அறுத்த ஆடாக இருந்தும் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், மடங்கு மடங்காக வீங்கி, கறுத்துக் குழைந்து இருந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கறியைப் பங்கு போட்டுவிடாதீர்கள். அவர்கள் சொல்கிறபடி, குறைந்தது 6 அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு, தோலோடு புதைக்க வேண்டும். செத்த ஆட்டை மலிவாகக் கேட்டு வாங்கி உரிப்பதை நாம் ஒருபோதும் ஒப்ப மாட்டோம்.

எவ்வளவு கொதித்தாலும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது

எட்டுப் பல்லும் போட்ட கிழட்டு ஆடு என்றால் அது வயதின் கெட்டித்தனம், குக்கரில் கூடுதல் விசில் விடுங்கள். இளங்கிடாவின் கறியும் இப்படி இருந்தால் நேரம் தப்பியிருக்கிறது. அறுத்ததும் தசை தளர்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் விறைக்கும். விறைத்திருக்கும்போது சமைத்தால் வேகாது. பிறகு மெல்ல மெல்லத் தளரும். ஆகவே சட்டி ஏற்ற இரண்டு நேரங்கள்தான் சரி: அறுத்து ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது குளிர்பெட்டியில் 24 மணி நேரம் இருந்தபின். கோயில் கறி பஞ்சு மாதிரி வேகிறது என்று சொல்வது சாமியின் அருளும் இருக்கலாம். அங்கே உரித்த சூட்டோடு கறி அண்டாவுக்குப் போய்விடுகிறது.

மிக மோசமான வழி, சூடான கறியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி நேரே உறைபெட்டியில் வைப்பது. விறைப்பதற்கு முன் குளிர் தாக்கினால் தசை சுருங்கி இறுகிவிடும். எடுத்து வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் தொடையையும் சப்பையையும் எலும்போடு முழுசாக வையுங்கள். எலும்பு பிடித்திருந்தால் தசை அவ்வளவாகச் சுருங்காது. முதல் நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு, மறுநாள் வெட்டி உறைபெட்டி. ஏற்கெனவே உறைந்துவிட்ட கறியை அவசரமாக இளக்காமல் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து இளக்குங்கள். சமைக்கும் முன் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பப்பாளிக்காய் விழுது பூசி ஒரு மணி நேரம் ஊறவிடலாம், அதற்கு மேல் விட்டால் மேற்புறம் கூழாகும்.

ஈ மொய்க்கிறது, தொடை இடுக்கில் வாடை

மஞ்சள் தடவினால் கறி தாங்கும் என்று நம்பி வெயிலில் தொங்கவிடுகிறார்கள். மஞ்சள் கெட்டுப்போவதை நிறுத்தாது, நிறத்தால் மறைக்கத்தான் செய்யும். உரித்து முடித்ததும் ஆடு நிழலில், காற்று ஓடுகிற இடத்தில், கழுவிக் காய்ந்த மெல்லிய வேட்டித் துணி போர்த்தித் தொங்க வேண்டும். பிளாஸ்டிக் உறையோ ஈரச் சாக்கோ கூடாது, வேர்த்துவிடும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் நாளில் அறுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் அடுப்போ குளிர்பெட்டியோ கண்டாக வேண்டும். வெள்ளை அரிசிக் குருணை மாதிரிக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. அந்த இடத்தைச் சுற்றியுள்ள சதையோடு சீவி எறியுங்கள். தொடை எலும்பை ஒட்டிய ஆழமான சதைதான் கடைசியாக ஆறும். அங்கே விரலை விட்டு முகர்ந்தால் புளித்த வாடை வந்தால் மேலே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்தத் தொடையை நம்பாதீர்கள்.

தோல் வாங்குபவர் வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார்

உரித்த தோலைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு மறுநாள் கொடுத்தால் இதுதான் நடக்கும். இந்த வெயிலில் நாலு மணி நேரத்துக்குள் உப்பு விழ வேண்டும். தோலில் ஒட்டிய சதையையும் கொழுப்பையும் வழித்து, தண்ணீரில் அலசி வடியவிட்டு, நிழலில் சரிவான பலகையில் மயிர்ப் பக்கம் கீழாக விரியுங்கள். தோலின் எடையில் நூற்றுக்கு 40 பங்கு உப்பு வேண்டும். இந்த ஆட்டின் தோல் 2 கிலோ இருந்தால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். கல்லுப்பை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். தூள் உப்பு மேலேயே கட்டிவிடும், முழுக் கல்லு ஊறாது. கழுத்து, கால் ஓரம், வால் அடி ஆகிய தடித்த இடங்களில் அழுத்தித் தேய்க்க வேண்டும், அழுகல் அங்கேதான் தொடங்கும். தோலைத் தரையில் போட்டு வெயிலில் காயவைத்தால் மேற்புறம் வெந்து, பதனிடும்போது ஊறாமல் உடையும். கொடுப்பதற்கு முன் அடிவயிற்றுப் பக்கம் ஒரு பிடி மயிரைப் பற்றி இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உப்பு தாமதமாக விழுந்திருக்கிறது.